கடல்நாய் மீன் கிடையாது

அந்தப் பெட்டியை மடியில வச்சுக்கிட்டு எம்புட்டு நேரந்தான் இருப்பீரு தம்பி? கால் மரத்துப் போயிராதா? இங்கன கீழ வையும், நான் கால் படாம பாத்துக்கிடுதேன். பஸ் குலுக்குறதுல உடைஞ்சிருமா? அப்படி என்ன சாமான்? ஓ, போட்டோ பெட்டியா. அப்ப சரி, மடியிலேயே இருக்கட்டும். அந்தத் துணியில பொதிஞ்சு வச்சிருக்கதும் உம்மதுதானா? அதையாவது இங்க குடும். வேண்டாமா? சரி, நீரே வச்சுக்கிடும்.

தூத்துக்குடியில கடை வச்சிருக்கீராக்கும். இப்ப எங்க போறீரு? மணப்பாட்டுக்கா? கல்யாணத்துக்கா? யாரு வீடு?

மதலேன் வீடா.

அப்ப நீரு என்னையும் சேத்துத்தான் போட்டோ எடுக்கப் போறீரு. மதலேன் என் கூடப்பிறந்த தங்கச்சி. கல்யாணப் பொண்ணு ரோசலீன் இருக்காள்லா, அவளுக்கு நான் தாய்மாமன். இஞ்ஞாசின்னு பேரு. என்னைப் பத்தி அங்க ஏதும் சொன்னாங்களா? சொல்லலையா? சொல்ல மாட்டாங்க. எனக்குக் கல்யாணச் சேதியே சொல்லி விடலை தம்பி. கருவாடு வாங்க வந்த ஒருத்தன் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தாய்மாமன் இடத்துல யாரை நிப்பாட்டப் போறா தெரியுமா? லாசரை. பக்கத்து வீட்டு லாசரு. சொந்தமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் செத்தா போயிட்டேன்? உம்ம பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டுத்தான இருக்கேன். எனக்குப் பதிலா இன்னொருத்தன் நிக்கப் போறான், அதைப் படம் பிடிக்க நீரு போறீரு.

உம்ம மேல கோவம் இல்ல. உம்ம தொழிலு அது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். குடும்பத்தை வரிசையா நிறுத்தி எடுப்பீருல்லா? அப்ப, “தாய்மாமன் எங்க?”ன்னு நீரு சத்தமாக் கேக்கணும். போட்டோக்காரன் கேட்டா ஒருத்தரும் தப்பா எடுக்க மாட்டாங்க. நான் பந்தல் ஓரத்துல நிப்பேன். கேட்டதும் வந்து நின்னுக்கிடுவேன். அம்புட்டுப் பேருக்கு முன்னால மதலேன் என்னைப் போகச் சொல்ல மாட்டாள்லா?

அப்படி நான் என்ன குத்தம் பண்ணுனேன்னு கேக்கீரா? அதைத்தான் இருபது வருசமா நானும் கேக்கேன். நீரு கேளும். கேட்டுட்டு நீரே சொல்லும், எம்மேல தப்பான்னு.

மதலேன் புருசன் பேரு கயித்தான். நல்ல ஆளு. சிரிச்ச முகம். நானும் அவனும் இந்த லாசரும் கொழும்பு ஹார்பர்ல தோணியில நிலக்கரி ஏத்திக்கிட்டு இருந்தோம். அப்ப மார்கரெட்டுன்னு ஒரு கப்பல் வந்து நின்னுது. மரக்கப்பலு, பாயும் உண்டு, எஞ்சினும் உண்டு. பூமிக்குத் தென்கோடியில என்ன இருக்குன்னு பாக்கப் போற கப்பலாம். என்ன இருக்கப் போகுது? இருந்தா இம்புட்டு நாள் சும்மா விட்டு வச்சிருப்பானா வெள்ளைக்காரன்? வழியில காய்ச்சல் கண்டு அவங்க ஆளுக கொஞ்சப் பேரு ஆஸ்பத்திரியில படுத்துட்டாங்க. கொதிகலனுக்குக் கரி தள்ள, பாய் கட்ட ஆள் வேணும்னு கேட்டான். ஐஸ் கடலுன்னதும் ஹார்பர்ல ஒருத்தனும் வரமாட்டேன்னுட்டான். கயித்தான்தான், “பனிமய மாதா பிள்ளைகளைப் பனி என்ன செய்யும் மச்சான்? போவோம்”னான்.

பாரும், வருசா வருசம் மாதாவுக்குத் தேர் இழுக்கோம். பனின்னா நாம கண்டது என்ன? மார்கழியில தலை நனைஞ்சா தும்மல் வரும், அம்புட்டுத்தான். அதை நம்பிப் போனவங்க நாங்க. கொழும்புக்குப் புறப்படும்போது மதலேன் வயித்துல அஞ்சு மாசம். இந்த ரோசலீன்தான். “எண்ணே, அவருக்கு விளையாட்டுப் புத்தி, நீ பாத்துக்கிடு”ன்னா. பாத்துக்கிடுதேன்னேன். அது என் வாக்கு. இப்பமும் சொல்லுதேன், அந்த வாக்கை நான் மீறலை.

போனோம். எம்புட்டு நாளுன்னு கேக்காதீரும். போகப் போகக் குளிரு, காத்து, வாந்தி. அப்புறம் ஒருநாள் கடலே கட்டிப்போச்சு. நெசமாத்தான் தம்பி. கப்பலைச் சுத்தி வெள்ளை வெளேர்னு தரை. இறங்கி நடக்கலாம். கப்பல் நகரமாட்டேங்கி. ஐஸ் பாளம் நெருக்குறப்ப கப்பல் மரமெல்லாம் சீக்காளி மாதிரி முனங்கும். கோடை வந்தா உருகும், போயிரலாம்னு கேப்டன் சொன்னான். பொழுதே விடியாத மாசமெல்லாம் அதுக்குள்ள கிடந்து கழிச்சோம். கோடையும் வந்துது. சூரியன் வந்துது. ஐஸ் மட்டும் உடையலை.

அங்க எங்களுக்குத் துணை செபம்தான். நான்தான் சொல்லிக்குடுப்பேன். செபமாலை, பிரார்த்தனை எல்லாம் எனக்கு மனப்பாடம். நீ உபதேசியாரா ஆகியிருக்க வேண்டியவன்னு எங்க ஊர்ச் சாமியாரே சொல்லியிருக்காரு. கப்பல்ல வெள்ளைக்காரனுக என்னை “பாதர்”னு கூப்பிடுவானுக. கேலிக்குத்தான் கூப்பிட்டானுக, தெரியும். ஆனா ஒருத்தன் செத்துப்போயிட்டா, மந்திரம் சொல்ல என் மூஞ்சியைத்தான பாக்கணும்? அங்க வேற யாரு இருக்கா?

தின்ன என்ன உண்டுங்கீரு? டின்னு. டின்னுல மாட்டிறைச்சி, டின்னுல பட்டாணி. காய்ஞ்ச ரொட்டி. வருசம் பூரா அதுதான். அப்புறம் ஆளாளுக்குக் கால் வீங்க ஆரம்பிச்சுது. ஈறு கருத்துப் போச்சு, ரொட்டியைக் கடிச்சா ரத்தம். கயித்தானுக்குச் சின்ன வயசுல வள்ளம் இடிச்சுக் கால்ல ஒரு காயம். ஆறி வருசக்கணக்காச்சு. அது புதுசா வெட்டுனமாதிரி திறந்துக்கிட்டு. டாக்டர் எல்லார் வாயையும் பாத்துட்டு, டின்னு சாப்பாட்டுனாலதான் இது, பச்சை இறைச்சி தின்னாத்தான் தீரும்னு சொல்லிட்டாரு. அங்க பச்சை இறைச்சிக்கு எங்க போக? கடல்நாய்தான். சீலுன்னு சொல்லுவான் அவன். ஐஸ் மேல மூட்டை மாதிரி கிடக்கும். சுட்டுச் சுட்டு இழுத்துக்கிட்டு வந்தானுக. ஒரே எண்ணெய் நாத்தம். ஆனா தின்னவனுக்குக் கால் வடிஞ்சுதுங்கது உண்மை. நான் இல்லைங்கலை.

இந்த நேரம் பாத்துத் தபசு காலம் வந்துட்டு.

உமக்கு வேதம் என்ன? இந்துவா? அப்ப சொல்லுதேன் கேளும். பாஸ்குத் திருநாளு, ஈஸ்டர்ம்பாங்கள்லா, அதுக்கு முந்தி நாப்பது நாளு எங்களுக்குத் தபசு காலம். சுத்தபோசனம். மீன் திங்கலாம், இறைச்சி தொடக்கூடாது. எங்க வீட்டுல ஒருநாள் தவறுனது கிடையாது. எந்தத் தேதியில தொடங்குதுன்னு டாக்டர்கிட்டத்தான் கேட்டேன். அவரு கப்பல் பஞ்சாங்கத்தைப் பாத்துச் சொன்னாரு, பாவம், எதுக்குக் கேக்கேன்னு தெரியாம. தெரிஞ்சதும் கேப்டன்கிட்ட ஓடுனாரு. கேப்டன் எங்க மூணு பேரையும் கூப்பிட்டு வச்சு, லாசருதான் இங்கிலீஸ் நல்லாப் பேசுவான், அவன்கிட்டச் சொல்லுதான்: “அது கடல்லதான வாழுது? அப்ப மீனுதான். மீனுன்னு நினைச்சுத் தின்னுங்க.”

எனக்கு வந்துதே கோவம். மீனு எது, இறைச்சி எதுன்னு எங்களுக்கா சொல்லித் தாரான்? ஆவுளியாவைப் பாத்திருக்கீரா? நம்ம மன்னார் கடல்ல உண்டு. கடல்ல வாழும், ஆனா குட்டி போடும், பால் குடுக்கும், அறுத்தா ரத்தம் சுடும். தபசு காலத்துல ஆவுளியாவை நாங்க தொடுவோமா? இந்தக் கடல்நாயும் அதே சாதிதான். குட்டிக்குப் பால் குடுக்கதை நான் என் கண்ணால பாத்தேன். “கடல்நாய் மீன் கிடையாது”ன்னு கேப்டன் மூஞ்சிக்கு நேரே சொன்னேன். டாக்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஏன்னா அவருக்குத் தெரியும், நான் சொன்னதுதான் சரி. இன்னைக்கும் எந்தப் படிச்சவன்கிட்ட வேணும்னாலும் கேளும், அது மீன் கிடையாது.

நீரு சிரிக்கீரு. இல்லையா? சரி, பஸ் வெளிச்சத்துல எனக்கு அப்படித் தெரிஞ்சுது.

லாசர் என்ன பண்ணுனான் தெரியுமா? நாலு நாள் பொறுத்தான். அஞ்சாம் நாள் அடுப்படியில நின்னு தின்னுக்கிட்டு இருக்கான், உதட்டுல எண்ணெய் மினுங்குது. “எண்ணே, எனக்கு ஊருக்குப் போகணும்ணே”ங்கான். நான் அவனைச் செபத்துக்குச் சேக்கலை. அவன் பாட்டுக்கு அந்த மூலையில இருந்து தனியாச் சொல்லுவான். அவன்தான் இன்னைக்குத் தாய்மாமன்.

கயித்தான் அப்படி இல்ல. நான் சொன்னா மீறமாட்டான். முதல் வாரம் சிரிச்சுக்கிட்டே இருந்தான். பிறகு எழுந்திருக்க முடியலை. லாசர் கடல்நாய் இறைச்சியை வேகவச்சு, சாறு மட்டும் வடிச்சு, கோப்பையில கொண்டாந்து அவன் தலைமாட்டுல வச்சுட்டுப் போயிருவான். கயித்தான் அதை எடுக்கமாட்டான். என்னைப் பாப்பான். “மச்சான், சாறுதான, இறைச்சி இல்லல்லா? ஒரு வாய் குடிக்கட்டா?”ம்பான்.

உமக்கு ஒண்ணு விளங்கணும் தம்பி. ஊருன்னா வேற. ஊர்ல ஒரு தப்புப் பண்ணுனா சனிக்கிழமை சாமியார்கிட்டப் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணலாம், முடிஞ்சுது. அங்க சாமியார் எங்க இருக்காரு? சாகக் கிடக்கவனுக்கு மந்திரிச்ச எண்ணெய் தொட்டு அவஸ்தைபூச ஆள் உண்டா? ஒரு பாவம் பண்ணுனா பண்ணுனதுதான். அதோடதான் போகணும். அவன் உடம்பு நிலைக்குமா நிலைக்காதான்னு எனக்குத் தெரியாது. ஆத்துமத்தையாவது நான் காப்பாத்தணும்லா? என் தங்கச்சி அவனை என்கிட்டத்தான ஒப்படைச்சா?

அதனால, “வேண்டாம் மாப்ளே, பாஸ்கு வரைக்கும் பொறு”ன்னு சொல்லுவேன். கோப்பையைக் கொண்டுபோய் வெளிய நாய்களுக்கு ஊத்துவேன். வண்டி இழுக்க நாய் வச்சிருந்தானுக. அதுக நல்லா நக்கிக் குடிக்கும்.

எனக்குமட்டும் கால் வீங்கலையா? எனக்கு ரத்தம் வரலையா? நானும் அதே டின்னு பட்டாணியும் காய்ஞ்ச ரொட்டியுந்தான் தின்னேன், அதே சாறு வாசனையைத்தான் மோந்தேன். அவனுக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டம்னு வைக்கலை. அதை எவனும் சொல்லமாட்டான்.

கடைசி வாரத்துல கேக்கதை அவன் நிப்பாட்டலை. அது ஒரு மாதிரி பழக்கமாவே போயிட்டு. “இன்னும் எம்புட்டு நாளு மச்சான்?”ம்பான். சொல்லுவேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேப்பான். பெரிய வெள்ளி அன்னைக்கு, “பாஸ்குக்கு ரெண்டு கோப்பை குடிப்பேன்”னான். குடி, யாரு வேண்டாங்காங்கன்னேன். பெரிய சனி பொழுது சாயும்போது மூச்சு நின்னுபோச்சு. என் மடியிலதான். நான் செபம் சொல்லிக்கிட்டே இருந்தேன், ஒரு வார்த்தை விடாம.

ஒருநாள் தம்பி. ஒரே ஒருநாள் பொறுத்திருந்தா மறுநாள் பாஸ்கு. அவன் பொறுக்கலை. இம்புட்டுத் தூரம் கொண்டுவந்து கரை சேக்கிற நேரத்துல விட்டுட்டுப் போயிட்டான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகலை.

பாஸ்கு அன்னைக்குக் காலையில அவனைக் கப்பல் பாய்த்துணியில வச்சுத் தைச்சு, ஐஸை வெட்டிக் கடலுக்குள்ள இறக்குனோம். நான்தான் மந்திரம் சொன்னேன். திரும்பி வந்ததும் லாசர் ஒரு தட்டுல இறைச்சி வச்சுக் கொண்டாந்தான். தின்னேன். ஏன் பொய் சொல்லணும், ருசியா இருந்துது. ரெண்டாந்தரமும் வாங்கித் தின்னேன். லாசர் அங்கனயே நின்னு என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தான். மாசம் முடியறதுக்குள்ள எனக்குக் கால் வடிஞ்சு போச்சு. அடுத்த கோடையில ஐஸ் உடைஞ்சுது, வந்துட்டோம்.

வந்ததும் நேரா எங்க போனேங்கீரு? மதலேன்கிட்டத்தான். லாசருக்கு அந்தத் தைரியம் வரலை, ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தான். அவளுக்கு முன்னாடியே தந்தி வந்துட்டு, அழுது முடிச்சு வத்திப்போய் இருந்தா. பிள்ளை தரையில தவழ்ந்து விளையாடுது, இல்ல, நடந்துக்கிட்டு இருந்துது. என்னை உக்காரவச்சுச் சோறு போட்டா. சீலா மீன் குழம்பு. தின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். அவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன். “உன் புருசன் தபசு காலம் பூரா ஒரு துண்டு இறைச்சி தொடலை. சுத்தமான வாயோட போனான். எம்புட்டுப் பேருக்கு அது கிடைக்கும்?”னேன்.

அவ, “அவரு கேட்டாராண்ணே?”ன்னா.

“கேட்டான். சாகிற அன்னைக்கும் கேட்டான். நான்தான் குடுக்கலை”ன்னேன். எனக்கு எம்புட்டுக் கஷ்டமா இருந்திருக்கும்னு அவளுக்குத் தெரியணும்லா, அதுக்காகச் சொன்னேன்.

“மறுநாள் நீ தின்னியா?”ன்னா.

“தின்னேன். பாஸ்குலா?”ன்னேன்.

எழுந்திரிச்சு வந்தா. என் முன்னால இருந்த தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா. பாதிச் சோறு இருக்கு தம்பி. என் கையில பிசைஞ்ச சோறு இருக்கு. தின்னுக்கிட்டு இருக்கவன் முன்னால இருந்து தட்டை எடுப்பாங்களா? பிச்சைக்காரனுக்குக்கூட அப்படிச் செய்வமா? நான் அவளுக்கு மூத்தவன். கையைக் கழுவத் தண்ணிகூட வரலை. வேட்டியில துடைச்சுக்கிட்டு எழுந்திரிச்சு வந்தேன். அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு.

பின்னாலதான் தெரிஞ்சுது, கோயில்ல புதுச் சாமியார் யாரோ அவகிட்டச் சொல்லியிருக்காரு, நோயாளிக்கும் கப்பல்ல போறவனுக்கும் சுத்தபோசனம் கடமை இல்லைன்னு. நான் போய் அவரு கிட்டயே கேட்டேன். ஆமாங்காரு. “உனக்கு யாரப்பா அந்த அதிகாரத்தைக் குடுத்தது?”ன்னு என்னையே கேக்காரு. அவரு போய் இருந்து பாத்திருக்கணும் அந்த ஐஸுக்குள்ள. மேசைக்கு முன்னால உக்காந்துக்கிட்டுச் சட்டம் பேசறதுக்கு என்ன. கடமை இல்லாததைச் செஞ்சா புண்ணியம் கூடத்தான செய்யும்? குறையவா செய்யும்?

அதனாலதான் இன்னைக்குப் போறேன். பந்தல்ல நாலு பேருக்கு முன்னால சொல்லப் போறேன். உன் புருசன் மோட்சத்துல இருக்கான், அது யாராலன்னு யோசிச்சுப் பாருன்னு. என்ன, வேண்டாங்கீரா? ஏன் வேண்டாம்? உமக்கு என்ன தெரியும்?

அந்தப் பொதியை ஏன் அப்படி இறுக்கிப் பிடிக்கீரு? அதுல என்ன இருக்கு? பிரேம் போட்ட படமா? யாரு படம்?

கயித்தானா?

கொஞ்சம் பிரியும். நான் தொடலை. நீரே பிடிச்சுக்கிடும்.

இது டாக்டர் எடுத்ததுலா. பாஸ்குக்கு ஒரு வாரம் முந்தி, குருத்து ஞாயித்துக்கிழமை, கடைசி வெயில் இருக்கும்போதே எங்க மூணு பேரையும் ஐஸ் மேல நிறுத்தி எடுத்தாரு. சின்ன அட்டையில நான்தான் கொண்டுவந்து அந்த வீட்டுல வச்சேன். எம்புட்டுப் பெரிசாக்கிட்டீரு. முகமெல்லாம் நல்லா விளங்குது. வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கான் பாத்தீரா? ஈறு தெரியக்கூடாதுன்னு. பின்னால இருந்த ஐஸு எங்க? பூச்செடி வரைஞ்சிருக்கீரா? மக பாக்கப்போறது, ஐஸ் வேண்டாம்னு மதலேன் சொல்லிட்டாளா. அதுவும் சரிதான். லாசர் அந்தக் கடைசியில தள்ளி நின்னான், அவனை வெட்டிட்டீரு. இந்தப் பக்கம் நான் நின்னேன்.

தூண் வரைஞ்சிருக்கீரு.

அவ சொன்னாளா? அவ வாயால சொன்னாளா, இந்தப் பக்கம் நிக்கவரை எடுத்திருங்கன்னு? சரி. சரி, நீரு என்ன செய்வீரு. நல்லாத்தான் வரைஞ்சிருக்கீரு தூணை.

இது என்ன, தோளு மேல? பக்கத்துல கொண்டாரும். விரலுலா இது. இது என் கைலா.

இதையும் அழிக்கச் சொன்னாளா. அழிச்சா சட்டையும் தோளும் சேந்து போயிருமா. அதான் விட்டுட்டீரா. மாலையைப் போட்டா மறைஞ்சிரும்னு சொன்னீராக்கும்.

பஸ் நிக்கி. மணப்பாட்டு விலக்கு வந்துட்டு. அந்தா லாசர் வண்டியோட நிக்கான், உம்மைக் கூட்டிட்டுப் போகத்தான். இறங்கும், பெட்டியைப் பாத்து. நான் வரலை. இந்தப் பஸ் எங்க போகுதோ அங்க போய்த் திரும்பிக்கிடுதேன். தாய்மாமன் எங்கேன்னு நீரு ஒண்ணும் கேக்க வேண்டாம்.

மாலையை நல்லா அகலமாக் கட்டச் சொல்லும், கை தெரியாம மறையட்டும். ஆனா அழிக்க மட்டும் செய்யாதீரும். அன்னைக்கு அவனுக்கு நிக்கச் சீவன் இல்ல. டாக்டர் நில்லுன்னதும் முழங்கால் மடிஞ்சிட்டு. நான் பின்னால இருந்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அந்தக் கையை எடுத்தா அவன் விழுந்துருவான் தம்பி.